மிதித்தால் வரும் தண்ணீர்

பாலைவனத்தை ஒட்டிய அந்தப் பூங்காவில் குடும்பங்கள் இலவசமாக நனைந்து விளையாட ஒரு நீர்த்தளம் இருந்தது. தரையில் பதித்த கல்லை மிதித்தால் அதன் துளையிலிருந்து தண்ணீர் பீறிட்டு எழும். போன கோடையில் நஸ்லி மிதித்தபோது அது அவள் தலைக்கு மேலே எழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் இன்றுதான் மறுபடியும் மிதிக்கிறாள். தண்ணீர் வரவில்லை. இரண்டு கால்களையும் சேர்த்துக் குதித்தாள். அப்போதும் வரவில்லை. “நீ என்ன பேயா? பேய் மிதிச்சாத்தான் வராது” என்று நனைந்த சிறுமி ஒருத்தி சிரித்தாள். “கைக்குழந்தைங்க மிதிச்சா வராதும்மா, கொஞ்சமாவது கனம் வேணும்” என்றார் காவலாளி. “இவளுக்கு ஏழு வயசு” என்றாள் நஸ்லியின் உம்மா பௌசியா. அவர் நஸ்லியை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“உம்மா, தண்ணிக்கு என்னை மறந்துபோச்சா?”

பௌசியா வேலியோரம் போய்க் கற்களைப் பொறுக்கி வந்து மகளின் கவுன் பைகள் இரண்டையும் நிரப்பினாள். நஸ்லி மிதித்தாள். தண்ணீர் முழங்கால் வரை எழுந்தது. “ஞாபகம் வந்துடுச்சு!” என்று கத்திக்கொண்டு, வெயில் இறங்கும்வரை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பும் வழியில் உம்மாவின் இடுப்பிலேயே தூங்கிப்போனாள். போன கோடையில் தூக்கியபோது இருந்த அதே கனம். கை வலித்தது. வீட்டுக்குள் போனால் கற்களோடு ஈரக் கவுனைக் கழற்றியாக வேண்டும். பௌசியா வாசல்வரை வந்தாள். சாவியைக் கையில் எடுத்தாள். பிறகு மகளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த தெருவைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள்.