வெளித் தாழ்ப்பாள்

குலுக்கல் சீட்டைப் பிரித்துப் பார்த்த அருள்சாமி அதை அப்படியே மறுபடி மடித்தார். நாலாம் நம்பர்.

மொத்தம் ஆறு அறைகள். மற்ற ஐந்தில் எது விழுந்திருந்தாலும் சிலுவை போட்டுக்கொண்டு அப்போதே பாயை விரித்திருப்பார்.

மடுகரை ரோட்டில், மாநில எல்லைக்கு இந்தப் பக்கம், பதினைந்து வருஷமாக வௌவால் அடைந்து கிடந்த அரிசிச் சோதனைச் சாவடி அது. எந்தத் தேர்தல் புண்ணியமோ, கொம்யூன் பஞ்சாயத்து அதற்கு ஓடு மாற்றி, நடுவே சுவர் எழுப்பி, சுண்ணாம்பும் அடித்து, பிள்ளை இல்லாத கிழடுகளுக்கு என்று ஆறு குடித்தனமாக்கிவிட்டது. வாடகை என்று பேருக்கு ஏதோ வாங்குவார்கள்.

மனைவி அந்தோணி மேரி போய்ச்சேர்ந்த பிறகு அருள்சாமி இரண்டு மழைக்காலத்தை மாதா கோயில் வராந்தாவில் கழித்தவர். சாரல் அடித்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மூன்றாவது மழையை இந்த உடம்பு தாங்காது என்று அவருக்கே தெரியும்.

"இன்னா பெரியவரே, யோசன பண்றீங்க? வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. அடுத்த பேரு தங்கவேலு, வெயில்ல காத்துக்கினு இருக்காரு" என்றான் கிளார்க் தணிகைவேல்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சாவியை வாங்கிக்கொண்டார்.

மற்றக் கதவுகளில் எல்லாம் தச்சன் உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள் வைத்திருந்தான். நாலாம் நம்பரை மறந்துவிட்டான் போலிருக்கிறது. பழைய இரும்புத் தாழ்ப்பாள் வெளியிலேயே இருந்தது. அதன் மேலும் பச்சைப் பெயிண்ட் பூசியிருந்தார்கள்.

அந்தத் தாழ்ப்பாளை அவர் கைக்கு நன்றாகத் தெரியும்.

இருபது வருஷத்துக்கு முன்னால் அவர் இங்கே தினக்கூலிக் காவல். காக்கிச் சட்டை உண்டு, பென்ஷன் கிடையாது. பிடித்த அரிசியை இந்த அறையில்தான் போடுவார்கள். சில நாள் அதைக் கொண்டுவந்தவர்களையும் சேர்த்து.

அரிசி எல்லை தாண்டக் கூடாது என்றிருந்த காலம். அந்தப் பஞ்சத்தில் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏழு மாத வயிறு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடப்பார்கள். அருள்சாமி ஒரு பார்வைதான் பார்ப்பார்.

"எறக்கும்மா புள்ளைய!"

சேலைக்குள்ளிருந்து நாலு படி புழுங்கல் அரிசி இறங்கும். சாவடியே சிரிக்கும். பறிகொடுத்தவளும் சில நேரம் வெட்கத்தோடு சிரித்துவிட்டுப் போவாள்.

அருள்சாமி கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று இன்ஸ்பெக்டரே சொல்வார். அந்தக் கண் ஒரே ஒரு தடவைதான் தவறியது. அதைப் பாதிரியாரிடம் செய்த பாவசங்கீர்த்தனத்தில்கூட அவர் முழுதாகச் சொன்னதில்லை.

வாசல்படியில் ஒரு காலை வைத்தார். மற்றக் கால் வர மறுத்தது. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கொடுத்தால் மறுபடி வராந்தா. பயமாக இருந்தது, இரண்டுக்கும்.

"அண்ணே."

பின்னால் காசம்மாள் நின்றாள். சோரியாங்குப்பத்துப் பக்கம். காலையில் பட்டியல் வாசித்தபோதுதான் பெயரே அவருக்குத் தெரிந்தது. தலை முழுக்க நரை, இடுப்பில் ஒரு துணி மூட்டை.

"எனக்கு ரெண்டாம் நம்பர் வந்துது. மாத்திக்கலாமா?"

அருள்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. மாதாவே பார்த்து அனுப்பியது போல இருந்தது. அவள் மனசு மாறுவதற்குள் தன் சாவியை அவள் கையில் திணித்து, அவளுடையதை வாங்கிக்கொண்டார்.

தணிகைவேலுக்குத்தான் புரியவில்லை. இரண்டாம் நம்பருக்கு வேப்பமர நிழல் உண்டு, பெரிய ஜன்னல் உண்டு. நாலில் கம்பி போட்ட ஒரு சின்னத் துவாரம்தான். காற்றே வராத அறையில் அப்படி என்னம்மா இருக்கிறது என்று கேட்டான்.

காசம்மாள் உள்ளே போய் மூட்டையை இறக்கினாள். நேராக ஒரு மூலைக்குப் போய் உட்கார்ந்து, தரையை உள்ளங்கையால் தடவினாள்.

"நாப்பது வயசுல உண்டாச்சி. ஒருத்தரும் நம்பல. எறக்கும்மா புள்ளையன்னாங்க. இந்த மூலைலதான்பா எறங்குச்சி. ரெண்டு அழுவ அழுதுது, அவ்ளோதான்."

தணிகைவேல் பேனாவை மூடினான். அருள்சாமி இரண்டாம் நம்பர் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

அவள் எழுந்து வந்து கதவை ஆட்டிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு உதவி கேட்பது போலத்தான் கேட்டாள்.

"தச்சன் வந்தா இந்தத் தாப்பாவ மட்டும் உள்பக்கம் மாத்தச் சொல்லுங்கண்ணே. அன்னிக்கு எவ்ளோ தட்டனேன், நீங்க தொறக்கவே இல்ல."