நாற்பது நாள் காவல்

“நாப்பது கழியறதுக்குள்ள பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்கு ஓடினியே, அங்கதான் ஒட்டிக்கிச்சு இந்தச் சளி.”

புருல் இதைச் சொன்னது தன் ஓரகத்தி அய்ஜமாலிடம். கேட்டது கிர்கிஸ்தானின் ஓஷ் நகர ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டு முழுவதும். கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

அய்ஜமால் குனிந்து போர்வையை இழுத்துவிட்டாள். கட்டிலில் அவள் பிள்ளை எர்மேக், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான்.

இவர்களைக் கட்டிய அண்ணனும் தம்பியும் மாஸ்கோவில் கட்டட வேலைக்குப் போய்விட, வீட்டில் இந்த இரண்டு பெண்கள்தான். மூத்தவள் புருலுக்குப் பிள்ளை இல்லை. எர்மேக் பிறந்ததும், பிள்ளை பெறாதவள் கை படக் கூடாது என்று தெருவில் ஒன்றிரண்டு நாக்குகள் சொல்லிப் பார்த்தன. அய்ஜமால் காதில் போட்டுக்கொள்ளாமல் குழந்தையை அவள் மடியில்தான் போட்டாள்.

அன்றிலிருந்து புருல் பஜாரில் அக்ரூட் விற்கும் நேரம் போக, வாசற்கதவுக்குக் காவல். நாற்பது நாள் வெளியாள் யாரும் பிள்ளையைப் பார்க்கக் கூடாது. ஆட்டுச் சூப்போடு வந்த அய்ஜமாலின் அம்மாவையே வாசலோடு திருப்பி அனுப்பினாள். சூப்பை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அம்மாவைப் பார்க்காமல் இருக்க முடியாமல் அய்ஜமால் ஒரு மத்தியானம் பிள்ளையோடு போய்வந்தாள். அதுதான் இப்போது வழக்கு.

டாக்டர் குலைம் வந்து, இந்தக் கிருமி தாக்கிய கைக்குழந்தைகள் உடம்பு எப்படி எதிர்த்து நிற்கிறது என்று ஆராய்வதாகவும், பிள்ளையின் ரத்தமும் வீட்டுப் பெரியவர்களின் ரத்தமும் இப்போது ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை வேண்டும் என்றும் கேட்டாள்.

“இத்தனூண்டு பிள்ளைகிட்ட ரத்தமா?” என்றாள் புருல். “ எடுத்து என்ன, பொரியல் பண்ணப் போறீங்களா?”

டாக்டர் சிரிக்கவில்லை. “இப்போ அவன் ரத்தத்துல இருக்கற எதிர்ப்புச் சக்தியெல்லாம் பெரும்பாலும் வயித்துல இருக்கறப்போ இவ குடுத்ததும்மா. அவனே சொந்தமா உண்டாக்கறானான்னு பார்க்கத்தான் ரெண்டாவது தடவை.”

“ஓஹோ. சீக்கையும் இவளே குடுப்பா, மருந்தையும் இவளே குடுப்பாளாக்கும். நல்ல வியாபாரம்.”

வீட்டில் யார் உடம்பில் இந்தக் கிருமி புதிதாகப் புகுந்தது என்பதும் இரண்டாவது ரத்தத்தில் தெரியும் என்றாள் டாக்டர்.

அவ்வளவுதான். புருல் சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு நீட்டினாள். “எடுங்க. எனக்கில்லைன்னு ஆகட்டும். அப்புறம் இவ அம்மா வீட்டு வாசப்படியை என் பிள்ளை மிதிக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

‘என் பிள்ளை’ என்றதை வார்டில் எல்லோரும் கவனித்தார்கள். அய்ஜமால் மட்டும் தலையைக்கூட நிமிர்த்தாமல் தன் கையையும் நீட்டினாள்.

எர்மேக் தேறினான். ஒரு மாதம் கழித்து இரண்டாவது ரத்தமும் கொடுத்தாயிற்று. முடிவு தெரிய வந்த அன்று, புருல் வெளியே நடைபாதையில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, அழகான பிள்ளை என்று வாய் தவறிப் பாராட்டியவர்களிடமெல்லாம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே அய்ஜமால் மட்டும் போனாள்.

“பையன் கெட்டிக்காரன்,” என்றாள் டாக்டர். “அம்மா குடுத்தது குறைஞ்சிருக்கு, அவனோட சொந்தச் சரக்கு ஏறியிருக்கு. இனி பயமில்லை.”

அய்ஜமால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பெரியவங்க ரத்தத்தைப் பத்தி...” டாக்டர் தயங்கினாள். “உனக்கு ஒண்ணும் ஏறலை. ஆனா உன் ஓரகத்திக்கு...”

“தெரியும் டாக்டர். நான் எங்கம்மா வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே அக்காவுக்கு இருமல். பஜார்லேருந்து வந்ததும் இவனை வாங்கி நெஞ்சுமேல போட்டுக்கிட்டு என்னைத் தூங்கச் சொல்வாங்க. வெளியாளைத்தானே அவங்க தடுத்தாங்க? தன்னைக் கணக்குலேயே சேர்க்கலை.”

“அப்போ இத்தனை நாள் ஏன் நீ பேச்சு வாங்கின? உங்க அம்மா பாவம் இல்லையா?”

“எங்கம்மா ரெண்டு நாள் கோவிச்சுக்குவா, அப்புறம் சூப்போட வந்து நிப்பா. அக்கா அப்படியில்லை. தெரிஞ்சா அதுக்கப்புறம் இவனைத் தொடவே மாட்டாங்க. எங்கம்மா வீட்லேருந்து வந்ததாவே இருக்கட்டும், டாக்டர். அப்படியே சொல்லிடறீங்களா?”