ஜிப்புலாக்கா யாருடைய சொல்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் நாங்கள் கூடையை இறக்கிக்கொண்டிருந்தபோது பிரியந்தி வந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து, எங்கள் மலையில் ரத்தம் குடிக்கும் அட்டைகளைப் பொறுக்கித் திரிந்த பிள்ளை.

வேலாயி அக்கா எங்கே என்று கேட்டாள். கையில் அச்சடித்த தாள் இருந்தது.

அட்டை கடித்தால் நாங்களெல்லாம் ஐயோ என்போம். வேலாயி அக்கா மட்டும் 'ஜிப்புலாக்கா' என்று கத்துவாள். அது அவள் வாயில் பிறந்த சொல். அதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் எங்கள் மலையில் இல்லை.

போன வருஷம் கங்காணியின் மகன் திலக்ஷன் அதைப் பாட்டாக்கினான். அட்டன் டவுனுக்குப் போகும் பஸ்ஸிலெல்லாம் அந்தப் பாட்டுத்தான். பிறகு டிவியில் சின்னப் பிள்ளைகளின் கார்ட்டூனில் ஒரு குட்டிப் பூதம் அதே சொல்லைச் சொல்லிக் குதித்தது.

அது நான் சொன்னதாச்சே என்றாள் அக்கா.

அடேயப்பா, கங்காணிக்கு வந்த கோபம்! மகன் தூங்காமல் யோசித்துக் கண்டுபிடித்த சொல்லாம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் அவளைப் பொய்க்காரி என்றார்.

நாங்கள் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அட்டை கடித்தாலும் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். நான் வேறு நிரைக்குத் திரும்பிக்கொள்வேன்.

பிரியந்தி தாளை விரித்தாள். இங்கே அவள் பிடித்த அட்டை, இதுவரை யாரும் அறியாத புது இனமாம். அதன் விஞ்ஞானப் பெயரில் ஜிப்புலாக்காவைச் சேர்த்திருக்கிறாளாம். பெயர் வந்த கதையையும் எழுதியிருந்தாள், சத்தமாக வாசித்தாள். இந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலாயி, அட்டை கடித்தபோது சொன்ன சொல். கேட்டுக் குறித்துக்கொண்ட தேதியும் இருந்தது. பாட்டு வருவதற்கு ஒரு வருஷம் முந்திய தேதி.

கங்காணி தராசையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா தாளை வாங்கி, தன் பெயர் எது என்று கேட்டு, அதைத் தடவிப் பார்த்தாள்.

"முப்பது வருஷமா என் ரத்தத்தக் குடிச்ச சனியன், இன்னைக்குத்தான் எனக்காகச் சாட்சி சொல்லுது."

முதலில் கைதட்டியவள் நான்தான். உள்ளங்கை எரியுமட்டும் தட்டினேன். அப்புறம் கொட்டகை முழுக்கத் தட்டியது.

கங்காணி என்னை முறைத்தார். முறைக்கட்டும். ராத்திரி ரொட்டியை அவரே சுட்டுக்கொள்ளட்டும்.

அக்காவின் சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோய் திலக்ஷனிடம் சொல்லிச் சிரித்தது, அவனைப் பெற்ற நான்தான்.