மூன்றாவது ‘வெரி லேட்’

இந்தக் காலத்து ஆட்கள் தாமதத்துக்கும் பவுடர் பூசித்தான் வெளியே காட்டுகிறார்கள். நான் காவல் நிற்கும் தையல் கம்பெனி வாசலில் ஒரு தாமதப் புத்தகம் கிடக்கிறது. பிந்தி வருகிறவர்களே அதில் இங்கிலீஷில் எழுத வேண்டும். பத்து நிமிடம் வரை ‘எ லிட்டில் லேட்’, அதைத் தாண்டினால் ‘வெரி லேட்’. ஒரு மணி நேரம் கழித்து வருகிறவனும் கூசாமல் ‘லிட்டில்’ என்றே கிறுக்கிவிட்டுப் போகிறான். இதோ, காஜா எடுக்கும் பெண் சங்கிலி கழன்ற சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி வருகிறாள். பதினோரு நிமிடம் ஆகிவிட்டது. அவள் பெயரில் ஏற்கெனவே இரண்டு ‘வெரி’ இருக்கிறது. இன்று அவள் வேலை நிரந்தரமாக வேண்டிய நாள்; மூன்றாவது விழுந்தால் ஆகாது.

"லிட்டில்னு போட்டுட்டு ஓடும்மா. யாரு பார்க்கப்போறா?"

"கடிகாரம் பார்க்குதே பெரியப்பா."

காலை வெயில் தாளில் விழுகிறது. கிரீஸ் விரலால் பேனாவை இறுக்கிப் பிடித்து ‘வெரி லேட்’ என்று எழுதுகிறாள். ஓரத்தில் அவள் கைரேகை கறுப்பாகப் பதிகிறது. பின்னால் வந்து நின்ற மேனேஜர் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டுகிறார்.

"மொத்தப் புத்தகத்துலயும் ‘வெரி’ மூணே மூணுதான் இருக்கு. மூணும் உன்னுதா? உள்ள போ. சாயங்காலம் பெர்மனென்ட் ஆர்டர் வாங்கிக்கோ."

"கேட்டீங்களா பெரியப்பா!" அவள் முகமெல்லாம் பல்.

"தாள் கைக்கு வரட்டும், அப்புறம் சிரி" என்று சொல்லிவிட்டு நான் கேட்டைச் சாத்த நடக்கிறேன்.