பிலோமிக்கு ஒரு பாட்டு வகுப்பு

பெஞ்சில் அல்போன்சாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கான்வென்ட் கூடத்தில், ஆர்மோனியத்தின் முன்னால் நின்று அவளுடைய மகள் பிலோமி பாடிக்கொண்டிருந்தாள். இரண்டரை வயது. பாட்டில் பாதி மழலை, மீதி எச்சில். ஆனால் சுருதி விலகவில்லை. வாசித்துக்கொண்டிருந்த சிஸ்டரே கையை எடுத்துவிட்டுக் கேட்டார்.

“என்ன குரல் அல்போன்சா இந்தப் பிள்ளைக்கு! ஒரே ஒரு இடந்தான் பாக்கி. சாயங்காலத்துக்குள்ள அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொல்லு.”

அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். இஞ்ஞாசி, சங்கு குளிக்கிறவன். இரண்டு மாதம் சங்கு குளிக்கும் முகாமில் கிடந்துவிட்டு முந்தாநாள்தான் வீட்டுக்கு வந்தான். பெற்ற மகள் பாடுகிறாள், மனிதன் ஜன்னல் வழியாகக் காக்காய் பார்க்கிறான்.

அல்போன்சாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு வயதில் அவளும் இதே ஆர்மோனியத்தின் முன் நின்றவள்தான். கருவாடு காயப்போட ஆள் வேண்டுமென்று அவளுடைய அப்பா கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டார். பிலோமியை யாரும் அப்படி இழுத்துப் போகக் கூடாது. இரண்டரை வயதுக் குஞ்சுக்குப் பாட்டு வகுப்பா என்று தெரு சிரிக்கிறது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

முழங்கையால் அவனை ஓர் இடி இடித்தாள்.

அவன் சிஸ்டரைப் பார்த்துச் சிரித்தான். “இன்னொரு எடத்தையும் பாத்துட்டு வாரோம் சிஸ்டர்.”

அந்த இன்னொரு இடம் பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியின் மாடியில் இருந்தது. கொழும்பில் குண்டு விழுந்த வருஷம் தோணி ஏறி வந்த பிளாரன்ஸ் டீச்சர் நடத்துகிற வகுப்பு. பலகைத் தளம், மூலையில் ஒரு பழைய பேண்டு மேளம். டீச்சர் மேளத்தை அடிக்க அடிக்க, பத்துப் பதினைந்து வாண்டுகள் யானை மாதிரி மிதித்தன, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடின, ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. பாட்டு என்று ஒரு வரி கிடையாது.

இதற்கு ஒரு வகுப்பா? வீட்டில் சும்மா விட்டாலே பிள்ளை இதைத்தானே செய்கிறது! கிளம்பலாம் என்று அல்போன்சா திரும்பினால், புருஷனைக் காணவில்லை.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவன் பலகையின் நடுவில் நின்றான். கண்ணை மூடியிருந்தான். பிறகு பிலோமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மேளத்துக்குச் சரியாக அவனும் மிதிக்க ஆரம்பித்தான். ஒரு மிதி தப்பவில்லை. அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்தே வெகுநாளாயிற்று.

“இங்கனயே சேப்போம்ளா” என்றான்.

படியிறங்கும்போதே அவள் ஆரம்பித்துவிட்டாள். பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். சிஸ்டர் சொன்னது காதில் விழுந்ததா இல்லையா என்று கேட்டாள். மகளுக்குக் குரல் இருப்பது பொறுக்கவில்லையா என்று கேட்டாள். வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. கடற்கரைச் சந்து வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். திமிரைப் பார், திரும்பிப் பார்த்தால் குறைந்தா போய்விடுவான்?

“நீரு அந்தக் கடலுக்குள்ளயே கெடந்திருக்கலாம்! எதுக்குத் திரும்பி வந்தீரு?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறவன் வீட்டில், விளையாட்டுக்குக்கூட யாரும் சொல்லாத சொல் அது. வாய் தவறிச் சொன்னவள் அந்த இடத்திலேயே துப்பிவிட்டுச் சிலுவை போட வேண்டும். கேட்டவன் அப்புறம் ஒரு மாதத்துக்குத் தண்ணீரைத் தொட மாட்டான். எப்பேர்ப்பட்ட முரடனும் அந்தச் சொல்லுக்கு நின்றுவிடுவான்.

அல்போன்சா துப்பினாள். சிலுவை போட்டாள். கத்தட்டும், என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று அப்படியே நின்றாள்.

தோளில் இருந்த பிலோமி திரும்பினாள். அம்மாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

இஞ்ஞாசி திரும்பவில்லை. நடையில் ஒரு தயக்கம்கூட இல்லை. மகளின் உள்ளங்காலில் விரலால் தட்டிக்கொண்டே போய்க்கொண்டிருந்தான்.



“இஞ்ஞாசி!”

கல்யாணமான நாலு வருஷத்தில் முதல்முறையாக அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். தொண்டை கிழியக் கூப்பிட்டாள். சந்துக் கோடியில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். புருஷன் பெயரை இப்படியா கத்துவது என்று ஒருத்தி மோவாயில் கை வைத்தாள்.

அவன் நடந்துகொண்டே இருந்தான்.

தான் பேசும்போதெல்லாம் அவன் தன் வாயையே பார்ப்பதை ஆசை என்று நினைத்து எத்தனை நாள் பூரித்துப் போயிருக்கிறாள்! பாவி மனுசன், காது போனதை ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அந்த மாடியில் பலகை அதிர்ந்ததைக் காலால்தான் கேட்டிருக்கிறான்.

சாயங்காலம் வரை சிஸ்டர் காத்திருப்பார். காத்திருக்கட்டும்.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அவனைத் தாண்டிப் போய் வழிமறித்து நின்றாள். மூச்சு இரைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலை எடுக்காமல், காற்றுக்கூட வெளியே வராமல், உதட்டை மட்டும் அசைத்தாள்.

இங்கனயே சேப்போம்.

அவன் முகமெல்லாம் சிரிப்பானது.

“அதத்தானளா நானும் சொன்னேன்” என்றான், சந்து முழுக்கக் கேட்கும்படி.