முதலில் பயப்படுபவர்

"வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. இங்க போய் நிறுத்தச் சொல்றீங்களே மாமா" என்று வண்டியை ஓட்டியபடியே சிரித்தான் கிளின்ட். பின்சீட்டில் அவன் மகள்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

டோரீனுக்கு அவமானமாக இருந்தது. தம்பி முன்னால் கணவர் வெர்லின் இப்படியா மானத்தை வாங்க வேண்டும்?

கான்சாஸிலிருந்து டகோடா ஏரிக்கு, கிளின்டின் படகை டிரெய்லரில் இழுத்துக்கொண்டு போகும் வழக்கமான கோடைப் பயணம்தான். இந்த வருஷம் வெர்லின் ஒரு திட்டம் போட்டிருந்தார். விடியுமுன் கிளம்ப வேண்டுமாம். நெப்ராஸ்காவில் மத்தியானத்துக்கு மேல் இடிமழை கிளம்புமாம், அதற்குள் ஏதாவது விடுதியில் ஒதுங்கிவிட வேண்டுமாம். போன வருஷம் வரை நன்றாகத்தான் இருந்தார் மனுஷன்.

"இவ்வளவு பயந்தா எதுக்குங்க படகு?" என்றாள் டோரீன்.

அப்போது பக்கவாட்டில் ஒரு காற்று அடித்தது. படகு ஒருபக்கமாய்ச் சாய, டிரெய்லர் வண்டியையும் சேர்த்து இழுத்தது. குழந்தைகள் அலறினார்கள்.

"எனக்கு வயித்தைக் கலக்குதுடா. நிறுத்து" என்றார் வெர்லின்.

கிளின்ட் கேலி செய்துகொண்டே அடுத்த விடுதிக்குள் திருப்பினான்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் மேற்கே வானம் கரும்பச்சையாகிவிட்டது. சூறாவளி வருகிறதென்று ஊர்ச் சங்கு ஊதியது. ஐந்து பேரும் ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து, மெத்தையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்கள். கூரையில் கல்மழை கொட்டியது. எங்கோ கண்ணாடி உடைந்தது. விளக்கு அணைந்தது. பிள்ளைகளை இறுக்கி அணைத்துக்கொண்டு ஜெபித்தாள் டோரீன். உயிரோடு வெளியே போவோமா என்றிருந்தது.

இருட்டில் யாருக்கோ பற்கள் தந்தியடிக்கும் சத்தம் கேட்டது. இவர்தான், வேறு யார் என்று நினைத்துக்கொண்டாள்.

எல்லாம் அடங்கியதும் கிளின்ட் கேட்டான். "மாமா, பேன்ட் நனையலையே?" பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். வெர்லினும் சிரித்தபடி வெளியே போனார். பின்னாலேயே கிளின்டும் போனான்.

டோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் நிறுத்தச் சொல்லியிருக்காவிட்டால் இந்நேரம் நடுரோட்டில் என்ன ஆகியிருப்போம்? நன்றி கெட்டவன். இன்று தம்பியை இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கிளம்பினாள்.

படகின் மறுபக்கம் கிளின்டின் குரல் கேட்டது. அவன் வெர்லினின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் பற்கள் இன்னும் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

"போன வருஷம் டிரெய்லர் கவிழப் பார்த்துச்சே, அதுலேர்ந்து காத்தடிச்சாலே எனக்கு உசுரு போகுது மாமா. புள்ளைங்களுக்குத் தெரிய வேணாம். நாளைக்கும் நீங்களே முதல்ல பயந்துருங்க. நான் சிரிக்கிறேன்."

"சரிடா. கொஞ்சம் கம்மியா சிரி. உங்க அக்கா என்னைத்தான் திட்டுறா."