வலிக்காத உள்ளங்கை

'டப்!'

சலவை அறையில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த ஜானெல் திடுக்கிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் மைதானம். பலகை ஏதோ பிளந்த மாதிரி சத்தம்.

"பயந்துட்டியா? உன் புருஷன் வீசற பந்துதான்!" கூட வேலை செய்யும் டோரீன் சிரித்தாள். "கையுறையில விழுந்தா அப்படித்தான் கேக்கும்."

ஜானெலுக்குப் பெருமையாக இருந்தது. கல்யாணமான பிறகு வரும் முதல் பேஸ்பால் சீசன். கர்ட்டிஸ் பந்து வீசி அவள் பார்த்ததெல்லாம் வீட்டுப் புல்வெளியில்தான்.

இன்னும் சில 'டப்'கள். அப்புறம் சத்தமே இல்லை. யாரோ ஓடினார்கள்.

அவள் முதலுதவி அறைக்குப் போய்ப் பார்த்தபோது, கர்ட்டிஸ் வலது முழங்கையில் ஐஸ் பையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். வாசலில் கோச் ஹேகன் கத்திக்கொண்டிருந்தார்.

"தசைநார் அறுந்துபோச்சுங்கறார் டாக்டர். ஆபரேஷன் பண்ணி, தேறி வர்றதுக்குள்ள வயசு முப்பது தாண்டிடும். அப்புறம் எந்த டீம் இவனைக் கூப்பிடும்?"

"கோச்..." என்றாள் ஜானெல்.

"வைரஸ் வந்து பயிற்சி முகாமைப் பாதியில மூடினப்போ படிச்சுப் படிச்சுச் சொன்னேன்மா. வீட்ல தினமும் வீசுடா, வேகத்தைக் குறைக்காதேன்னு. துரை சோபாவில படுத்துக் கிடந்தாராம்! அவன் வாயாலயே சொல்றான்!"

ஜானெலுக்குச் சுருக்கென்றது.

"பொய் கோச்! ஒரு நாள் விடாம வீசினார்."

"யார் பிடிச்சா?"

"யாரும் யார் வீட்டுக்கும் போகக் கூடாதுன்னு இருந்துச்சே. நான்தான் பிடிச்சேன்."

ஹேகனின் குரல் இறங்கிவிட்டது.

"எந்தக் கையில கையுறை போட்டே?"

இடது கையை நீட்டினாள். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் நின்ற ரமோனை இழுத்தார். சற்று முன் கர்ட்டிஸின் பந்துகளைப் பிடித்தவன் அவன்தான். அவன் உள்ளங்கை சிவந்து, ஆள்காட்டி விரலின் அடி வீங்கியிருந்தது.

"வருஷக்கணக்கா இதே வேலையா இருக்கிறவன் கைம்மா இது. இன்னிக்கு நாலு பந்துக்கு இந்தக் கதி. உன் கை வெண்ணெய் மாதிரி இருக்கு."

ஜானெல் தன் கையையே பார்த்தாள்.

புல்வெளியில் அவள் தினமும் அவனைச் சீண்டுவாள். 'இவ்வளவுதானா உன் வீரம்? இதை நம்ம பூனைகூடப் பிடிக்குமே!'

'இதுக்கு மேல வேகம் எனக்கு வராதுடி' என்பான், சிரித்துக்கொண்டே.

"மூணு மாசம் பூ எறியற மாதிரி எறிஞ்சுட்டு, இன்னிக்கு ஒரே நாள்ல முழு வேகம். முழங்கை எப்படித் தாங்கும்?" ஹேகன் ரமோனின் கையை விட்டார்.

சுவரைப் பார்த்தபடியே கர்ட்டிஸ் சொன்னான்:

"சோபாவிலதான் கிடந்தேன் கோச். அவளை விட்டுடுங்க."

ஜானெல் சலவை அறைக்குத் திரும்பினாள். பாதி மடித்த துண்டு மேஜை மேல் அப்படியே கிடந்தது. வலிக்காத அந்த உள்ளங்கையால் அதன் சுருக்கத்தை நீவி, மீதியை மடிக்கத் தொடங்கினாள்.